சாம்பல் கல் வந்த வழி

நெய்வேலி வட்டாரத்தில் வீடு கட்டும் இடங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு கல் அடுக்கு நிற்பதைப் பார்க்கலாம். ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குல உயரம். அளவில் செங்கல்தான், நிறம்தான் வேறு. கையில் எடுத்தால் மூன்று கிலோ தேறும். ஓரங்கள் நறுக்கி வைத்ததுபோல் நேராக இருக்கும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் கொத்தனார் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். ஃப்ளை ஆஷ் கல் என்று கடையில் விற்கிறார்கள். சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள் வாயில் அது சாம்பல் கல். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது; கல் எதிலிருந்து பிறந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

பிறப்பைத் தேடிப் போனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கடலை ஒட்டிய சதுப்பில் நின்ற காடு அது. மரங்கள் சாய்ந்தன, சேற்றில் அமிழ்ந்தன, அவற்றின் மேல் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக வந்து படிந்தன. காற்றுப் படாத இடத்தில் மரம் மட்கிப் போகவில்லை, கரியாகிக்கொண்டே இருந்தது. முழு நிலக்கரியாக அது இறுகவும் இல்லை. ஈரம் பாதிக்குப் பாதி நிற்கிற பழுப்பு நிலக்கரியாக, சில இடங்களில் 8 மீட்டரும் சில இடங்களில் 27 மீட்டரும் கனத்தில், பூமிக்கு அடியில் பாய் விரித்ததுபோல் கிடந்தது. அதன் மேல் போர்த்திய பாறையைக் கடலூர் மணற்கல் என்கிறார்கள் நிலவியலார். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் அதே மணற்கல்லுக்குள் சிக்கிய மரங்கள் கல்லாகிவிட்டன. இன்று போனாலும் வளையம் தெரிய அடிமரமே கல்லாகப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே மரம் கல்லாக நின்றுவிட்டது. நெய்வேலியில் கரியாகி, நெருப்பில் போய், சாம்பலாகி, அதன் பிறகுதான் கல்லானது.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு வெட்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. எடுத்துக் காயவைத்துத் தீ வைத்தால் எரிந்தது. அவர் அரசுக்குச் செய்தி சொன்னார். 1940களில் துளையிட்டுப் பார்த்தார்கள். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது காரியம் வேகம் பிடித்தது. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவனமாகப் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கம் தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி வெளிச்சம் கண்டது. மறு ஆண்டு மின்சாரம் வந்தது. மண்ணை அள்ளும் ராட்சதச் சக்கரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. ஜம்புலிங்க முதலியார் இதற்காகத் தம் நிலம் 620 ஏக்கரைக் கொடுத்தார் என்பதை நெய்வேலியில் பிள்ளைகளும் சொல்லும்.

கொடுத்தவர் பெயர் நிலைத்தது. எடுத்துக்கொள்ளப்பட்டவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கரி இருந்த இடத்தின் மேல் ஊர்கள் இருந்தன. நெய்வேலி என்ற பெயரே அங்கிருந்த ஒரு கிராமத்தின் பெயர். வீடு, கிணறு, களத்துமேடு, ஐயனார், சுடுகாடு எல்லாம் இருந்த ஊர்கள் வேறு இடங்களுக்குப் பெயர்ந்தன. பெயர்ந்தவர்களின் கண்ணெதிரே ஒரு புது நகரியம் எழுந்தது. அகலச் சாலை, சாலையின் இருபுறமும் மரம், வீட்டுக்கு வீடு தோட்டம், எண் போட்ட வட்டங்கள், பள்ளிக்கூடம், மருத்துவமனை. தமிழ்நாட்டில் இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் மிகக் குறைவு. அதில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள்.

கல்லின் பயணத்துக்குத் திரும்பலாம். கரியை எடுக்க வேண்டுமானால் முதலில் மேல்மண் போக வேண்டும். 50 மீட்டருக்கும் மேலான மண், மணற்கல். வாளிகள் வரிசையாகக் கோத்த சக்கரம் சுழன்று சுழன்று அதைச் சீவி எடுக்கும். ஒரு டன் கரிக்கு ஐந்தரை கன மீட்டர் மண் என்பது நெய்வேலிக் கணக்கு. கரிக்குக் கீழே ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வந்துவிடும். இத்தனைக்கும் பிறகு வாளி கரியைத் தொடுகிறது. ரப்பர் பட்டையில் ஏறிய கரி கிலோமீட்டர் கணக்கில் ஓடி, பங்கரில் விழுந்து, அரைபட்டு, சூட்டில் உலர்ந்து, கொதிகலனுக்குள் தூளாகப் பாய்ந்து எரிகிறது.

எரிந்த பின் மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது. கனமான சாம்பல் கொதிகலனின் அடியில் விழுந்துவிடும். நைஸானது புகையோடு மேலே பறக்கும். அதைப் பறக்கவிடாமல் பிடிக்க, புகைபோக்கிக்கு முன்னால் இரும்புத் தகடுகள் தொங்கும் பெரிய அறைகள் உண்டு. உயர் மின்னழுத்தத்தில் புகையிலுள்ள தூசிக்கு மின்னேற்றம் ஏறி, தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். நேரத்துக்கு நேரம் ஒரு சுத்தியல் தகட்டைத் தட்டும். சாம்பல் உதிர்ந்து கீழே புனலில் விழும். முகப்பவுடர் போல இருக்கும். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் நெறுநெறுப்பே தெரியாது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெய்வேலிக் கரியில் சாம்பல் குறைவு; ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோ கல்லில் சாம்பல் ஏறக்குறைய 1.8 கிலோ. அதற்கு 36 கிலோ கரி எரிந்திருக்க வேண்டும். அந்தக் கரிக்காக 350 கிலோவுக்குக் குறையாத மண்ணைத் தோண்டிப் புரட்டியிருக்க வேண்டும். அந்தக் கரி எரிந்தபோது சுமார் 30 யூனிட் மின்சாரம் எங்கோ போயிருக்கும். சிறிய குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கும் மேல் வரும். கையில் இருக்கிற ஒரு கல்லின் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்ப ஏறக்குறைய 4,000 கல் வேண்டும்.

சாம்பலைக் கொண்டு கட்டுவது புது யோசனை ஒன்றும் அல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் போட்சுவோலி என்ற ஊர். அங்கே எரிமலை கக்கிய சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியில்கூட இறுகும் என்று ரோமானியர் கண்டுகொண்டார்கள். அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் இப்படிப்பட்ட பொருள்களுக்கெல்லாம் பொசொலானா என்ற பெயர் வந்தது. நம் முன்னோர் எரிமலைக்கு எங்கே போவார்கள்? செங்கல்லை இடித்துச் சலித்துச் சுண்ணாம்போடு சேர்த்தார்கள். அதுவே சுர்க்கி. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையில் நிற்கிறது. கொதிகலனில் இருந்து வருவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே கூடுதல் என்பதால் ஓரளவு தானாகவே இறுகும் குணமும் அதற்கு உண்டு.

ஆனாலும் பல காலம் இந்தச் சாம்பல் தண்ணீரில் கரைந்து, குழாயில் ஓடி, சாம்பல் குளத்தில் போய்க் கிடந்தது. கோடையில் குளம் காய்ந்தால் காற்றோடு எழுந்து, கொடியில் காயும் துணியிலும் திறந்து வைத்த சோற்றிலும் படிந்தது. 1999இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது: அனல்மின் நிலையங்களைச் சுற்றிக் கல் செய்கிறவர்கள் சாம்பலைச் சேர்த்தாக வேண்டும். 2009இல் அது திருத்தப்பட்டபோது, உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதத்தைக் கல் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. வண்டல் மண்ணைத் தோண்டி, விறகு போட்டுச் சுடுகிற செங்கல் சூளைக்கு மாற்றாக, சுடவே தேவையில்லாத கல் பரவத் தொடங்கியது. கெடிலக் கரையிலும் பெண்ணைக் கரையிலும் நெல் விளைகிற மண் கல்லாகப் போகாமல் நின்றால் அது சின்ன லாபம் இல்லை.

பட்டறை என்றால் பெரிய ஆலை ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு கலவைத் தொட்டி, ஒரு அழுத்தும் இயந்திரம், வெளியே வெட்டவெளி. சாம்பல், சுண்ணாம்பு அல்லது சிமெண்ட், ஜிப்சம், கிரஷர் தூள் எல்லாம் தொட்டியில் சுற்றும். பிடித்துப் பார்த்தால் கொழுக்கட்டை மாவு பதம். இயந்திரம் ஒரு முறை அழுத்தி எழும்பினால் பலகையில் கல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்போது அதில் கை வைக்கக் கூடாது, விரல் பதிந்துவிடும். நிழலில் இரண்டு நாள் வைத்து, பிறகு அடுக்கி, சாக்கு போர்த்தி, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றுவார்கள். "சூளைக் கல்லுக்கு நெருப்பு, இதுக்குத் தண்ணிதாண்ணா உசுரு" என்றார் நான் பார்த்த பட்டறையில் குழாய் பிடித்து நின்றவர். ஒரு வாரத்தில் எடுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சுவரில் முடிபோல் விரிசல் ஓடினால் பழி கல்லின் மேல் விழும். அது நியாயம் இல்லை. கல் செய்தவரின் அவசரத்துக்குக் கல் என்ன செய்யும்?

2011 டிசம்பர் 30 விடிகாலையை இந்த மாவட்டம் மறக்காது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா நட்ட பலா வேரோடு சாய்ந்தது. முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. நெய்வேலி நகரியத்தில் ஐம்பது ஆண்டு வளர்ந்த சாலையோர மரங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. காடாக இருந்த ஊர் ஒரே காலையில் வெயிலாகிவிட்டது. ஆனால் நகரியத்துச் செங்கல் வீடுகள் நின்றன. சுற்றுக் கிராமங்களில் கூரை வீடுகள் நிற்கவில்லை. கீற்றும் மூங்கிலும் மண்சுவரும் காற்றோடு போயின. மின்கம்பங்கள் விழுந்து, நாட்டுக்கெல்லாம் மின்சாரம் தருகிற நிலையத்தின் பக்கத்துக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் குடிசை இழந்தவர்களுக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று தமிழக அரசு அறிவித்தது. ஒரு நிலப்பரப்பே ஒரே நேரத்தில் கல்லும் மணலும் தேடி அலைந்த காலம் அது.

இடிந்த ஊரைத் திரும்பக் கட்டுவது பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு நோத்தோ ஞாபகம் வரும். இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில் உள்ள ஊர். 1693 ஜனவரி 11 அன்று வந்த நிலநடுக்கம் தீவின் தென்கிழக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தரைமட்டமாக்கியது. இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். அல்வேரியா என்ற மலைமேல் இருந்த பழைய நோத்தோ முழுதாக விழுந்துவிட்டது. ஆட்சியாளர்கள் அனுப்பிய கமாஸ்த்ரா பிரபு ஜுசெப்பே லான்ஸாவின் பொறுப்பில், ஊரை அதே இடத்தில் கட்டாமல் எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கடல் பக்கச் சரிவில் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. நேரான அகலத் தெருக்கள், தெருவுக்கு வெளிச்சம், கூடி நிற்கச் சதுக்கங்கள். வேலை அந்த நூற்றாண்டைத் தாண்டி அடுத்த நூற்றாண்டு முழுக்க நடந்தது. ரொசாரியோ கல்யார்தி, வின்சென்சோ சினாத்ரா, பாவ்லோ லபீசி போன்ற கட்டடக் கலைஞர்கள் பரோக் பாணியில் வளைந்து எழும் முகப்புகளைக் கட்டினார்கள். ஒரு மாளிகையின் பால்கனிகளைச் சிங்கமும் குதிரையும் கடற்கன்னியும் தோளில் தாங்குகின்றன. 2002இல் யுனெஸ்கோ நோத்தோவையும் அதன் சகோதர ஊர்கள் ஏழையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

அந்த அழகெல்லாம் எதில் செதுக்கியது என்று பார்த்தால், அந்த வட்டாரத்திலேயே வெட்டி எடுத்த மெத்தென்ற சுண்ணாம்புக் கல். உளிக்கு இணங்கும், வெயிலில் தேன் நிறமாகும். தொலைவிலிருந்து பளிங்கு வரவழைக்க அவர்கள் காத்திருக்கவில்லை. ஊர் நிற்கிற மண் என்ன தருகிறதோ அதைக் கொண்டு ஊரைக் கட்டினார்கள். சாம்பல் கல்லைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். நெய்வேலி மண் தருகிற கல் இது.

நோத்தோவில் இன்னொன்றும் நடந்தது. இடம் மாறுவதை ஊரில் பலர் எதிர்த்தார்கள். இடிந்தாலும் எங்கள் ஊர் எங்கள் ஊர்தான் என்றார்கள். தகராறு ஆண்டுக்கணக்கில் ஓடியது. கடைசியில் மேலே உள்ளவர்கள் சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் பழைய ஊரின் இடிபாடுகள் அல்வேரியா மலையில் செடிகொடிகளுக்கு நடுவே இன்றும் இருக்கின்றன. பேரப்பிள்ளையைக் கூட்டிப் போய் இது நம் கோட்டை வாசல் என்று காட்டலாம். நெய்வேலியில் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை. இடிபாடுகூட இல்லை; ஊர் நின்ற தரையே இல்லை. சுரங்க ஓரத்தில் நின்று வெறும் காற்றைக் காட்டி, அங்கேதான் நம் கிணறு இருந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பள்ளத்தை வேறு மண் கொண்டு நிரப்பி மரம் நடுகிறார்கள். பசுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவர்களுடைய ஊர் இல்லை.

கட்டுகிற விதம் பற்றி நோத்தோ சொல்கிற பாடம் தனி. 1996 மார்ச் 13 அன்று அந்த ஊர்ப் பேராலயத்தின் குவிமாடமும் கூரையின் பெரும் பகுதியும் சரிந்து விழுந்தன. 1990 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் கட்டடம் நொந்துபோயிருந்தது. தூண்களைப் பிரித்துப் பார்த்தபோது, வெளியே இழைத்த கல். உள்ளே வலுவில்லாத காரையில் போட்டு நிரப்பிய உருண்டைக் கல்லும் சில்லுகளும். முகத்தை மட்டும் அழகாகக் கட்டியிருந்தார்கள். அதே கல்லில், இந்த முறை உள்ளும் புறமும் ஒழுங்காகக் கட்டி, 2007இல் கதவு திறந்தார்கள். கல் எதுவானாலும் சுவரின் உயிர் உள்ளே இருக்கிறது. நம் பக்கமும் பூமி அசையாது என்று இருந்துவிட முடியாது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் வந்த அதிர்வு சென்னை வரை தெரிந்தது. அதே ஆண்டு ஜனவரி 26இல் குஜராத்தின் கட்ச் பகுதி விழுந்ததையும், அதைத் திரும்பக் கட்டியபோது அடித்தளத்திலும் ஜன்னல் மட்டத்திலும் கூரைக்குக் கீழும் சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓட்டியதையும் நாம் பார்த்தோம். சாம்பல் கல் வீட்டுக்கும் அது வேண்டும். வாசலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டு மிச்சம் பிடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அந்த மிச்சம் வேண்டாம்.

சோவியத் உதவியில் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. கரி தோண்டுவது நிற்கவில்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்காக, 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்து நின்ற நெல்வயலுக்குள் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இனியும் ஊர்கள் பெயரும். பெயர்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு மனையில், முதல் கல்லிலிருந்து மறுபடி தொடங்கும்.

அதனால் கரி எடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மூன்று அறை வீட்டுக்கு 12,000 கல். அதற்குச் சாம்பல் சுமார் 22 டன், இரண்டு லாரி லோடு. பத்தாயிரம் டன் கரி எரிந்தால் 500 டன் சாம்பல் மிஞ்சும். சுமார் 23 வீட்டுக்குப் போதும். பட்டறைக்கு இலவசமாக ஒதுக்கச் சொன்ன சாம்பல், நிலம் கொடுத்தவர் வீட்டுச் சுவருக்கு வரும்போது விலைப் பட்டியலோடு வருகிறது. மாற்றிடத்தில் வீடு கட்டுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும், வேறு எந்த இழப்பீட்டிலும் கழிக்காமல், மூன்று வாரம் தண்ணீர் குடித்த நல்ல சாம்பல் கல்லை அவர்கள் மனைவாசலில் இலவசமாகக் கொண்டுவந்து இறக்குங்கள். அந்தச் சாம்பல் அவர்கள் வீட்டுக்கு அடியில் இருந்ததுதான்.